அப்பா சொன்னபடி வந்த கிரகணம்

எங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு அப்பாவை 'கிரகண அண்ணாச்சி' என்றுதான் தெரியும். கேலியாகச் சொன்னவர்கள் உண்டு. பெயரே அதுதான் போலிருக்கிறது என்று நினைத்து மரியாதையாகச் சொன்னவர்களும் உண்டு. அந்தப் பெயர் வந்த கதையில் பாதி ஊருக்கே தெரியும். மீதிப் பாதி வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதை எழுதத்தான் எனக்கு இந்தப் பக்கங்களைத் தந்திருக்கிறார்கள்.

'அதிர்ந்து பேசாதவர், பொறுமையின் வடிவம்' என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அச்சுக்குப் போகும் முன் அம்மா படிப்பார்கள், படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அப்பா பிடிவாதக்காரர். தாம் சொன்னது தப்பு என்று ஒருவர் நிரூபிக்கிற வரைக்கும் அசைய மாட்டார்கள்; நிரூபித்த பிறகும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அப்பா பிறந்தது உடன்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்ன ஊர். தாத்தா கருப்பட்டி வாங்கி விற்றவர்கள். அப்பாவுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது தாத்தா தவறிவிட்டார்கள். அப்போது அத்தைக்கு மூன்று வயது. அப்பா படிப்பைப் பாதியில் விட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, தோணிகளுக்கும் கப்பல்களுக்கும் அரிசி, காய்கறி, முட்டை, எண்ணெய் போடுகிற ஒரு கடையில் சேர்ந்தார்கள். பின்னாளில் முதலாளிக்குப் பிள்ளை இல்லாததால் அந்தக் கடையையே எடுத்து நடத்தினார்கள். அத்தையைப் பள்ளிக்கூடம் அனுப்பியது, காது குத்தியது, காய்ச்சலென்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அப்பாதான். அண்ணன் என்று அத்தை வாயால் கூப்பிட்டாலும் மனசில் வைத்திருந்தது அப்பா ஸ்தானத்தில்.

அந்தக் கடை முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிரகணத்தன்று கடை அடைப்பு. தோணிக்காரர்களும் அன்றைக்குப் பாய் விரிக்க மாட்டார்கள். எந்தெந்த நாள் கடை அடைத்தோம் என்று பிற்பாடு கேள்வி வந்தால் காட்டுவதற்காக, அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்துத் தனியாக ஒரு கம்பியில் குத்தி வைப்பார். பில் குத்துகிற அதே மாதிரிக் கம்பிதான். வருடக்கணக்கில் தாள் சேர்ந்து அது தடித்துப்போய்க் கிடந்தது. முதலாளிக்குப் பின் அப்பாவும் விடாமல் குத்திக்கொண்டு வந்தார்கள்.

1985 மே மாதக் கிரகணத் தாளைக் குத்தப் போனபோதுதான் அப்பா பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தார்கள். 1967 ஏப்ரல் கடைசியிலும் ஒரு சந்திர கிரகணம். இரண்டுக்கும் நடுவே பதினெட்டு வருடமும் பத்து நாளும். அடுத்த தாளைப் பார்த்தார்கள். 1968 அக்டோபர் ஆறு. நடுவே லீப் வருடம் ஒன்று குறைவதால் இதற்கு ஒரு நாள் கூடும்; அதோடு பதினெட்டு வருடமும் பதினொரு நாளும் கூட்டினால் 1986 அக்டோபர் பதினேழு. அந்த வருடத்து நாள்காட்டி கடைக்கு வருவதற்கு முன்பே, அரிசி விலை எழுதுகிற கரும்பலகையின் மூலையில் இந்தத் தேதியை எழுதிவிட்டார்கள். சொன்ன தேதியில் சொன்னபடி கிரகணம் பிடித்தது. கடை இருந்த பீச் ரோடு முழுக்க அப்பாவுக்கு அன்றைக்கு வந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. தோணி ஓட்டுகிற தண்டல்கள் எல்லாம் கடையில் வந்து கேட்டுவிட்டுப் போனார்களாம். இதையெல்லாம் யாரும் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே அப்பாவுக்குப் பிறகுதான் தெரியும்.

கம்பியில் அடுத்துப் பெரிய கிரகணம் 1971 ஆகஸ்ட் ஆறு. அதை அப்பாவே பார்த்திருக்கிறார்கள். கடைக்கு வந்த முதல் வருடம், துறைமுகத்துப் பக்கம் நின்று, நிலா முழுசாகச் செம்பாகிப் போனதைக் கழுத்து வலிக்கப் பார்த்தார்களாம். கூட்டிப் பார்த்தால் அது திரும்ப வர வேண்டியது 1989 ஆகஸ்ட் பதினாறு இரவு. மறுநாள் காலை அத்தைக்குக் கல்யாணம். ஆவணி பிறந்ததும் நல்ல முகூர்த்தம் என்று குறித்த நாள்.

பஞ்சாங்கத்தில் கிரகணம் என்று ஒரு வரி இல்லை. நாள் குறித்துக் கொடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அப்பா கேட்கவில்லை.

"பஞ்சாங்கத்துல விட்டுப்போச்சு ஐயா. எங்கிட்ட தாள் இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்தை ஒத்திப்போடவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல காலம். கிரகணம் பதினொன்றரைக்குப் பிடித்து மூன்று மணிக்கு விடும், முகூர்த்தம் காலை ஏழரைக்கு மேல்தான், அதனால் தாலிக்குக் குறைவில்லை என்று கணக்குப் போட்டார்கள். குறை வந்தது சாப்பாட்டில். கிரகணத்துக்கு முன் சமைத்ததைக் கிரகணத்துக்குப் பின் பந்தியில் வைக்க முடியாது. ஆகவே ராத்திரி பத்து மணிக்கு அப்பா பந்தலுக்குப் பின்னால் போய், எல்லா அடுப்பையும் அணைக்கச் சொல்லிவிட்டார்கள். அரைவேக்காட்டுச் சாம்பார் கொட்டப்பட்டது. மூன்று மணிக்கு விட்டதும் எல்லாரும் தலைக்குக் குளித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று ஏற்பாடு.

அப்புறம் நடந்தது வீட்டில் நான் நூறு தடவை கேட்டது. தலைமைச் சமையல்காரரான தவசுப்பிள்ளையும் அவருடைய ஆட்களும் நறுக்கின காய்க்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே முழுநிலா. ஒரு மேகம்கூட இல்லை. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. நிலா ஓரத்தில் ஒரு கீறல் விழவில்லை. இரண்டு மணிக்குத் தவசுப்பிள்ளை எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, நிலா நம்மள விட நல்லா முழிச்சிக்கிட்டு இருக்கு. அடுப்பப் பத்த வைக்கவா?"

"கொஞ்சம் பொறும்."

"நான் பொறுப்பேன். காலையில மாப்பிள்ள வீட்டுக்காரங்க பொறுப்பாவளா?"

அப்பா மூன்றரை வரைக்கும் பொறுக்க வைத்தார்கள். விடிகாலையில் சாத்தான்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கியபோது இட்லிப் பானையில் தண்ணீர்கூடச் சுடவில்லை. காப்பிக்கே கடைத்தெருவுக்குப் போனார்கள். தாலி கட்டி முடிந்து, ஒன்பதரைக்கு மேல் அவசரத்தில் வெந்தும் வேகாமலும் ஒரு பந்தி நடந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். மாமா, அதாவது அன்றைய மாப்பிள்ளை, இலையில் கையே வைக்கவில்லை. எல்லார் முன்னாலும் அத்தையைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்கள்.

"உங்க அண்ணன் சொன்ன கிரகணம் என்னைக்கு இந்த ஊருக்கு வருதோ, அன்னைக்குத்தான் நான் இந்த வீட்ல கை நனைப்பேன்."

சொன்னதை மாமா காப்பாற்றினார்கள். அப்பாவின் பிடிவாதத்துக்கு ஈடு கொடுக்க இந்த உலகத்தில் ஓர் ஆள் உண்டென்றால் அது மாமாதான். மறுவீட்டுக்கு வந்து வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்து போனார்கள். எனக்குக் காது குத்தியபோது வந்தார்கள், என் கல்யாணத்துக்கு வந்தார்கள், அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது பத்து நாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்ததில்லை. வரும்போதே பையில் தண்ணீர்ப் பாட்டிலும் பிளாஸ்க்கில் தேநீரும் இருக்கும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார்கள். அண்ணன் வீட்டுச் சோறு அத்தைக்கு முப்பத்தாறு வருடம் நிம்மதியாக இறங்கியதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு அப்பா பரிமாறுவார்கள். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஊர் சும்மா இருக்குமா. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் யாராவது கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இன்னைக்கு நிலா இருக்கா, இல்ல உங்க தாள்ல போயிட்டா?" என்று கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே உப்பைக் கட்டிக் கொடுப்பார்கள்.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான்.

கல்யாணம் முடிந்து நாலைந்து நாளில் ஒரு சரக்குக் கப்பலுக்குக் காய்கறி ஏற்றப் போனார்கள் அப்பா. அந்தக் கப்பலின் அதிகாரி ஒருவர் பழக்கமானவர். அவரிடம் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. கப்பல்காரர்கள் வைத்திருக்கிற வானியல் கையேட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். ஆகஸ்ட் பதினேழு, முழுச் சந்திர கிரகணம். அப்பா சொன்ன அதே கிரகணம் வந்திருக்கிறது. நம் நேரப்படி காலை ஏழு மணி வாக்கில் பிடித்து, எட்டரை மணிக்கு நடு உச்சம். அதற்குள் இங்கே நிலா மறைந்து, சூரியன் கடலுக்கு மேல் ஏறிவிட்டது. அமெரிக்கா பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அப்பா விட்டது எட்டு மணி நேரம். பதினெட்டு வருடமும் சில்லறை நாளும் மட்டுமல்ல, அதோடு கூட ஒரு எட்டு மணி நேரமும் உண்டு. முன்னிரண்டு தடவையும் சாயங்காலக் கிரகணம் எட்டு மணி நேரம் தள்ளி நடுராத்திரிக்கு வந்ததால் அப்பா கண்ணில் படவில்லை. நடுராத்திரிக் கிரகணத்தோடு எட்டைக் கூட்டினால் பட்டப்பகல். அந்த இடத்திலேயே, முட்டைத் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அப்பா மிச்சக் கணக்கையும் போட்டுவிட்டார்கள். மூன்று எட்டு இருபத்து நாலு. மூன்றாவது சுற்றில் பூமி முழுசாகத் திரும்பி, அதே கிரகணம் நம் ஊர் வானத்துக்கே வரும். 1971-இலிருந்து ஐம்பத்து நாலு வருடம், ஒரு மாதம். 2025 செப்டம்பர் ஏழு.

ஓடி வந்து ஊரைக் கூட்டி, 'கிரகணம் வந்தது, கப்பல் புத்தகத்திலேயே இருக்கிறது' என்று காட்டியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அப்பாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும். கடை வாசலுக்கு வந்த பிறகுதான் அந்த எட்டரை மணி என்ன மணி என்று உறைத்தது. மாமா அத்தை கழுத்தில் தாலி கட்டிய நேரம்.

சம்பந்தி வீடு அந்தக் காலத்தில் எப்படி என்று பெரியவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் தெரியாத கிரகணத்துக்குத் தீட்டு இல்லை என்று எந்தப் புத்தகம் சொன்னாலும், முழுக் கிரகணத்தின் உச்சத்தில் தாலி ஏறியிருக்கிறது என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும். பால் பொங்கி வழிந்தாலும், பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் அத்தை தலையில்தான் விழும். அப்பா சரி என்று ஆக வேண்டுமானால் அத்தை வாழ்க்கையில் ஒரு கறை விழ வேண்டும். அப்பா வாயை மூடிக்கொண்டார்கள். வாழ்நாளில் தாம் சொன்னது சரி என்று கையில் ஆதாரத்தோடு இருந்து, சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அம்மாவிடம் மட்டும் சொன்னார்கள். மாமாவுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினார்கள்: "அந்தக் கிரகணம் 2025 செப்டம்பர் ஏழாம் தேதி நம்ம ஊருக்கு வரும். இலை போட்டு வச்சிருப்பேன்." ஊருக்குச் சிரிக்க இன்னொன்று கிடைத்தது.

எனக்குச் சொன்னது 2007 ஆகஸ்டில். அன்றைக்கு இரண்டாவது சுற்று. அப்பா கணக்குப்படி நம் ஊரில் சாயங்காலத்துக்கு முன்பே பிடித்து, நிலா எழும்புவதற்குள் விட்டிருக்க வேண்டும். என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்கள். துறைமுகத்துப் பக்கம் கடலிலிருந்து நிலா முழுசாக எழும்பியது.

"பாத்தியாம்மா, ஒரு கீறல்கூட இல்ல. எவ்வளவு கரெக்டா இல்ல பாரு" என்று அப்படி ஒரு சந்தோஷம். வராத கிரகணத்துக்கு அவ்வளவு மகிழ்ந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்போதுதான் எல்லாம் சொன்னார்கள், அத்தை காதுக்குப் போகக் கூடாது என்றும் சொன்னார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் யார் யாருக்கோ மேடை போட்டுப் பாராட்டுகிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அப்பா அந்த ஒரு கிரகணத்தின் முன்பின் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். நூலகத்துப் புத்தகங்களும், பிற்பாடு என் கைப்பேசியும் உதவின. பின்னோக்கிப் போனால் 1917. அதற்குப் பின்னால் 1863. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிபட்ட காலத்தில் அது இன்னும் முழுக் கிரகணமாகவே ஆகியிருக்கவில்லை, நிலாவில் கொஞ்சம்தான் கடித்துக்கொண்டிருந்தது. கொற்கையை விட்டுக் கடல் விலகிப்போய், காயலில் குதிரைகள் இறங்கிக்கொண்டிருந்த நாளில்தான் அது முதன்முதலாக நிலாவை லேசாகத் தொட்டுப் பார்த்தது. அப்பா இதைச் சொல்லும்போது ஏதோ நம் சொந்தக்காரர் ஒருவர் எப்போது ஊருக்கு வந்தார் என்று சொல்வது போலச் சொல்வார்கள். முத்துக் குளித்த ஆட்களும் வெள்ளைக்காரனும் உப்பளமும் அனல்மின் நிலையமும் எல்லாம் வந்ததும் போனதும் அந்த நோட்டில் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

கவலை தொடங்கியது 2023-இல். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் என்று ஆயிற்று. அடுத்த வருடம் இதயமும் சரியில்லை என்றார்கள். டாக்டரிடம் எல்லாரும் கேட்கிற கேள்வியை அப்பா கேட்கவில்லை.

"சார், அடுத்த வருஷம் செப்டம்பர் ஏழு வரைக்கும் ஓட்டிரலாமா?"

"அப்படியெல்லாம் நாள் குறிச்சுச் சொல்ல முடியாதுங்க ஐயா."

"நான் குறிச்சுட்டேன். நீங்க ஓட்டி விடுங்க."

2025 ஆடி மாதம் ஒருமுறை மூச்சுத் திணறி நான்கு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார்கள். மாமா வழக்கம்போல் பிளாஸ்க்கோடு வந்து வெளியே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், தேதி கிட்ட வந்துட்டு. ஏமாத்திராதேயும்" என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னார்கள். உள்ளே கேட்டிருக்காது. ஆனாலும் நான்காம் நாள் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

செப்டம்பர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை பஞ்சாங்கத்திலும் இருந்தது, தொலைக்காட்சியிலும் இருந்தது. கோயில் நடை சீக்கிரம் சாத்திவிட்டார்கள். இருந்தும் தெருவில் பாதிப் பேர் எங்கள் மொட்டை மாடியில்தான். பழைய கேலிக்காரர்கள் எல்லாம் நரைத்துப்போய், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். ஒன்பது மணிக்கு மேகம் வந்து மூடியது. பத்து மணிக்கு மேகம் கலைந்தபோது நிலாவின் ஓரத்தில் கருப்பு ஏறியிருந்தது. சொன்ன நிமிடத்துக்குப் பிடித்திருந்தது. பதினொரு மணிக்கு முழு நிலாவும் செம்பு நிறமாகித் தொங்கியது.

மாடியில் அப்போது எழுந்த சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா மாமாவைப் பார்த்தார்கள். கீழே கொல்லையில் அன்று காலையே கூட்டி வைத்திருந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற சமையல்காரரைக் கூப்பிட்டு, பற்றவைக்கச் சொன்னார்கள்.

"கிரகணம் விடட்டுமே" என்றார்கள் அம்மா.

"ஒரு தடவ அணைக்கச் சொல்லி முப்பத்தாறு வருஷம் பட்டது போதும். பத்த வைக்கச் சொல்லுங்க."

நிலா சிவந்து நிற்க, அடுப்பு எரிந்தது. மாமா தம் பையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாடியிலேயே போட்டிருந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். இட்லி வெந்து வர நேரமாகும் என்று சொன்னோம். "இருக்கட்டும், நான் எங்க போகப் போறேன்" என்றார்கள். முதல் ஈட்டு இட்லியை அப்பாவே நாற்காலியில் இருந்தபடி குனிந்து வைத்தார்கள். மாமா ஒரு வாய் விண்டு போட்டுவிட்டு, "மச்சான், சாம்பார்ல உப்பு கம்மி" என்றார்கள். அப்பா சிரித்த சிரிப்பில் நாங்கள் பயந்தே போனோம். அத்தை மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே ஏழு இட்லி சாப்பிட்டார்கள். எண்ணியது என் மகள்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஐந்து மாதம் கிடைத்தது. அந்த ஐந்து மாதமும் பீச் ரோட்டில் அப்பாவை யாரும் கேலி செய்யவில்லை, அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. மாமா வாரம் இரண்டு தடவை சாப்பிட வந்தார்கள். கடைசி நாள் காலையிலும் இருவரும் 2079-ஐப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் பத்தாம் தேதி அதே கிரகணம் திரும்ப இந்த ஊருக்கு வருகிறது. மத்தியானம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

இத்தனை வருடம் மறைத்த செய்தியை இந்த மலரில் எழுதலாமா என்று எனக்குத் தயக்கம். எழுதியதை எடுத்துக்கொண்டு சாத்தான்குளம் போய் அத்தைக்கும் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். தாலி நேரம் வந்த இடத்தில் அத்தை தாலிக்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தாறு வருட வாழ்க்கை, இரண்டு பிள்ளைகள், மூன்று பேரப்பிள்ளைகள். பயப்பட இனி என்ன இருக்கிறது. மாமா என் கையிலிருந்து தாள்களை வாங்கி அந்த இடத்தை மறுபடி படித்தார்கள்.

"எங்க அப்பா காதுல இது விழுந்திருந்தா, அன்னைக்கே உங்க அத்தையத் திருப்பி அனுப்பிருப்பாரு. நானும் வாயத் திறந்திருக்க மாட்டேன், அப்போ எனக்கு அம்புட்டுத்தான் தைரியம். நான் சாப்பிடாமப் போனதெல்லாம் பாத்துக்கிட்டு உங்க அப்பா சும்மா இருந்தாவளே. எழுதும்மா. ஒரு எழுத்து விடாம எழுது. என் பேரு கெட்டாலும் பரவால்ல."

மாமா பேர் கெடாது. அப்பாவுக்கு அது பிடிக்காது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. நாள் குறிக்க மறுத்தாலும் ஓட்டிக் கொடுத்த டாக்டருக்கும், டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், நாற்காலியை மாடிக்குத் தூக்கிய தெருப் பிள்ளைகளுக்கும், தோணியைக் கட்டிப்போட்டுவிட்டு இறுதி ஊர்வலத்துக்கு வந்த தண்டல்களுக்கும், கல்யாணத்தன்று பொறுத்துக்கொண்ட தவசுப்பிள்ளையின் குடும்பத்தாருக்கும், முப்பத்தாறு வருடம் ரகசியம் காத்த அம்மாவுக்கும் எங்கள் கைகூப்பிய வணக்கம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மலரை வாங்கிக்கொண்டு, வேலை இருக்கிறது, வண்டி நிற்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். இன்றைக்குப் பந்தி விசாரிப்பது மாமாவின் பொறுப்பு, அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டது. எங்கள் வீட்டில் கை நனைக்காமல் ஒருவரும் வெளியே போகக் கூடாது என்று வாசலில் நிற்கிறார்கள்.